மரபணு மாற்றுப் பயிர்களுக்கு ஒப்புதல் கிடைக்கும் வழி: கேள்வி பதில்

பெரம்பலூரிலிருந்து ஒரு பருத்தி விவசாயி: ஐயா, பி.டி. பருத்திக்கு அனுமதி தந்தவர்கள் பி.டி. கத்தரியை ஏன் நிறுத்தினார்கள்? இரண்டிலும் ஒரே மரபணுதான் என்கிறார்களே?

ஒரே மரபணுதான். மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்னும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த, புழுக்களைக் கொல்லும் நஞ்சைச் செடியிலேயே உண்டாக்கும் கிரை1ஏசி மரபணுவே, 2002 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற மூன்று பருத்தி வீரிய ஒட்டு ரகங்களிலும் இருந்தது, பி.டி. கத்தரியிலும் இருந்தது. ஆனால் ஒப்புதல் மரபணுவுக்குத் தரப்படுவதில்லை. அது குறிப்பிட்ட ஒரு பயிரில் புகுத்தப்பட்டபின் அந்தச் செடி வயலிலும் உணவிலும் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்தே தரப்படுகிறது. பருத்தி முதன்மையாக நூலுக்கானது. கத்தரி நேராகக் குழம்புச் சட்டிக்குப் போவது. தவிர, கத்தரியின் பல நாட்டு ரகங்களும் காட்டு உறவினங்களும் வளரும் நாடு இது. 2009 அக்டோபரில் மைய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மதிப்பீட்டுக் குழு பி.டி. கத்தரிக்கு இசைவு தெரிவித்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9 அன்று அதைக் காலவரையின்றி நிறுத்திவைத்தார். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அந்தக் கத்தரி ஆய்வில் பங்கேற்றிருந்ததால், இது நமக்குத் தொலைவில் நடந்த கதையன்று. அதே கத்தரிக்கு வங்கதேசம் 2013இல் அனுமதி அளித்துப் பயிரிடவும் தொடங்கியது. ஒரே ஆய்வுத் தரவுகளிலிருந்து இரு அரசுகள் இரு முடிவுகளுக்கு வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வேளாண் மாணவி ஒருவர்: ஆய்வகத்திலிருந்து சந்தை வரை எத்தனை படிகள்?

அடிப்படை, 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989இல் வந்த விதிகள். ஆய்வு நடக்கும் நிறுவனத்திலேயே ஓர் உயிர்ப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதற்கு மேல், உயிரித் தொழில்நுட்பத் துறையின்கீழ் இயங்கும் மரபணு மாற்ற மறுஆய்வுக் குழு. அதற்கும் மேல், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு. நச்சுத்தன்மை, ஒவ்வாமை, மகரந்தம் பரவும் தொலைவு, நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் மண்ணுயிர்களுக்கும் நேரும் விளைவு ஆகியவற்றுக்கான தரவுகள், முதலில் சிறு பரப்பிலும் பின்னர் சற்றே பெரிய பரப்பிலும் நடக்கும் களப் பரிசோதனைகளில் திரட்டப்படுகின்றன. இப்பரிசோதனைகளுக்கு மாநில அரசின் தடையில்லாச் சான்றும் தேவைப்படுவதால், தில்லியில் இசைவு பெற்ற பயிர் மாநிலத் தலைநகரில் காத்துக்கிடப்பதுண்டு.

மேற்சொன்ன மதிப்பீட்டுக் குழுவின் பெயரில் 2010 வரை ‘ஒப்புதல்’ என்ற சொல் இருந்தது. கத்தரி விவகாரத்துக்குப் பின்னர்தான் அது ‘மதிப்பீடு’ ஆயிற்று. ஒரு சொல்தான் மாறியது என்றாலும், இறுதி முடிவு யாருடையது என்ற கேள்விக்கான விடை அதற்குள் இருக்கிறது.

ஓர் இல்லத்தரசி: நாம் ஏற்கெனவே இப்படிப்பட்ட உணவை உண்கிறோமா?

நேரடியாக உண்ணும் மரபணு மாற்றுக் காய்கறியோ தானியமோ இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு வரவில்லை. ஆனால் பருத்திக்கொட்டை எண்ணெய் சமையலில் கலந்திருக்கிறது; நாட்டின் பருத்தியில் மிகப் பெரும்பகுதி பி.டி. ரகமே. இறக்குமதி சோயா எண்ணெயும் பெரும்பாலும் அத்தகைய சோயாவிலிருந்து வருவதே. சுத்திகரித்த எண்ணெயில் புரதமோ மரபணுவோ மிஞ்சுவது அரிது என்பதால், இதைக் கேட்டுச் சமையலறையில் பதற்றம் கொள்ள வேண்டாம்.

கடுகு விவகாரம் என்ன ஆயிற்று?

தில்லிப் பல்கலைக்கழகம் உருவாக்கிய டிஎம்எச்-11 என்ற மரபணு மாற்றுக் கடுகைச் சுற்றுச்சூழலில் விடுவிக்க 2022 அக்டோபரில் இசைவு தரப்பட்டது. கடுகு பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் பயிராதலால் அதில் வீரிய ஒட்டு உருவாக்குவது கடினம். அதற்காக, ஆண் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் பார்னேஸ், அதை நீக்கும் பார்ஸ்டார் என்ற மரபணுக்களைச் சேர்த்தார்கள். உடன் வந்த பார் மரபணு ஒரு களைக்கொல்லியைத் தாங்கும் ஆற்றலையும் தந்துவிட்டது. சண்டையின் பெரும்பகுதி அதைச் சுற்றியே நடக்கிறது. இந்த இசைவை எதிர்த்த வழக்கில், 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள்: நீதிபதி நாகரத்னா இசைவை ரத்துசெய்தார், நீதிபதி சஞ்சய் கரோல் ஏற்றார். மைய அரசு தேசியக் கொள்கை ஒன்றை வகுக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

2025இல் அறிவித்த புதிய நெல் ரகங்களும் இதே வழியில் வந்தவைதானா?

இல்லை. அவை மரபணுத் திருத்தம் செய்தவை, அதாவது செடியின் சொந்த மரபணுவிலேயே சிறு மாற்றம் செய்தவை. அயல் மரபணு எதுவும் எஞ்சாத திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அவற்றில் ஒன்றான கமலா, நம் உழவர்கள் பிபிடி என்றழைக்கும் சம்பா மசூரியிலிருந்து உருவானது. விலக்கு அளித்தது நியாயமே என்பது என் கருத்து. ஆனால் அயல் மரபணு எஞ்சவில்லை என்பதற்கான தரவுகளைப் பொதுவில் வைத்திருந்தால் ஐயங்கள் குறைந்திருக்கும்.

மீண்டும் பருத்தி: களைக்கொல்லி தாங்கும் விதை என்று ரசீதில்லாமல் விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அத்தகைய பருத்திக்கு இந்தியாவில் ஒப்புதல் இல்லை. முளைக்காவிட்டாலும் ரசீதில்லாமல் இழப்பீடு கோர முடியாது. ஒப்புதல் பெற்ற விதைக்கு நிபந்தனைகளும் உண்டு. பி.டி. பருத்தியைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது மொத்தப் பரப்பில் 20 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அந்த அளவுக்கு, நஞ்சுக்குப் பழகாத புழுக்களும் எஞ்சும்படி, சாதாரணப் பருத்தி நட வேண்டும் என்று 2002 ஆணையிலேயே இருந்தது. அதற்காக 450 கிராம் பொட்டலத்துடன் 120 கிராம் சாதாரண விதையும் தரப்பட்டது. அதைப் பலர் வரப்பில் வீசினார்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. நஞ்சைத் தாங்கப் பழகியதற்கு அதுவும் ஒரு காரணம்.