ஸ்விட்ச் 'ஆஃப்' என்றால் நம்பாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் என் குட்டி விமானத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். 1946-ல் ஓஹையோ மாநிலம் மிடில்டவுனில் செய்த ஏரோன்கா சாம்ப். முன்னும் பின்னுமாக இரண்டு சீட், 65 குதிரைசக்தி இன்ஜின், துணி போர்த்திய இறக்கை. ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த இன்னொரு நர்ஸும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை நானே எடுத்துவிட்டேன்.

பேட்டரியும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை, இன்ஜினைக் கிளப்பப் புரொப்பெல்லரைக் கையால்தான் சுற்றுவோம் என்கிறீர்கள். பேட்டரி இல்லாமல் தீப்பொறி எங்கிருந்து வரும்? பயமாக இல்லையா? (கல்லூரி மாணவர், சின்சினாட்டி)

பயம் இருக்கிறது தம்பி. அது போய்விட்டால் நான் புரொப்பெல்லர் பக்கம் போகக் கூடாது.

பொறி மேக்னெட்டோவிலிருந்து வருகிறது. உள்ளே ஒரு காந்தம் சுழலும், அதுவே மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும். ஒன்று பழுதானாலும் பறக்க வேண்டுமே என்று இரண்டு வைத்திருப்பார்கள். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு பிளக். இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஸ்விட்ச்தான். காரில் வயர் அறுந்தால் இன்ஜின் நின்றுவிடும். இங்கே நேர் எதிர். மேக்னெட்டோவை நிறுத்த, ஒரு வயர் வழியாக அதன் மின்சாரத்தை இன்ஜினின் உடம்போடு சேர்த்து 'எர்த்' பண்ணுகிறோம். ஸ்விட்சை ஆஃப் செய்வது என்றால் அவ்வளவுதான். அந்த வயர் அறுந்துபோனால், ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும், மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சமிருந்து, யாராவது 'சும்மா' புரொப்பெல்லரைத் தள்ளினால் போதும், இன்ஜின் கிளம்பிவிடும்.

இது எங்களுக்கே நடந்தது. இறங்கி வந்து நிறுத்தும் முன், இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஸ்விட்சை ஒரு நொடி ஆஃப் செய்து பார்ப்போம். சத்தம் சட்டென்று அடங்க வேண்டும், உடனே திரும்ப ஆன் செய்துவிடுவோம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் ஆஃப் செய்தேன், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. சத்தத்தில் லேசாக ஒரு இறக்கம், அவ்வளவுதான். பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருந்தது தீர்ந்து தானாக நிற்கும்வரை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மெக்கானிக் காட்டினார்: ஒரு மேக்னெட்டோவின் பின்னால் வயர் திருகோடு சேரும் இடத்தில் இழை இழையாக அறுந்து, கடைசி இழையும் விட்டுப்போயிருந்தது.

எங்கள் முறை இது. வாலைத் தரையிலுள்ள வளையத்தில் கயிற்றால் கட்டுவோம். சக்கரங்களுக்குக் கட்டை வைப்போம். விமானம் தெரிந்த ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார். நான் வெளியிலிருந்து 'ஆஃப்' என்பேன், அவர் ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'ஆஃப்' என்று திருப்பிச் சொல்வார். சொன்னபிறகும் அது ஆனில் இருப்பதாக நினைத்துத்தான் தொடுவேன். கையை விரித்து உள்ளங்கையை மட்டும் வைப்பேன், விரலை மடக்கிப் பிடிக்க மாட்டேன். இழுத்த வேகத்திலேயே உடம்பு பின்னால் வந்துவிட வேண்டும். தாலிச் செயினைச் சட்டைக்குள் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்த பிறகுதான் கிட்டவே போவேன். வார்டில் இன்சுலின் ஊசி போடுமுன் இரண்டு நர்ஸ்கள் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்போமே, அதே பழக்கம்தான். 'நமக்குத் தெரியாதா' என்று நினைக்கிற அன்றைக்குத்தான் அங்கேயும் தப்பு நடக்கும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். விமானம் ஓட்டக் கற்கலாமா? வாங்கலாமா? (மென்பொருள் பொறியாளர், கொலம்பஸ்)

கற்கலாம். லைசென்ஸும் வாங்கலாம், அதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஆனால் முதல் பாடத்துக்கு முன் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.விடம் பாதுகாப்புச் சோதனைக்கு விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, அனுமதி வர வேண்டும். 2001 செப்டம்பருக்குப் பிறகு வந்த ஏற்பாடு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. நான் கற்றபோது கிரீன் கார்டுதான். கைரேகை கொடுத்துவிட்டு அனுமதிக்குக் காத்திருந்த நாட்களில் புத்தகத்தை இரண்டு முறை படித்து முடித்தேன்.

வாங்குவதில்தான் சிக்கல். அமெரிக்கப் பதிவு எண் உங்கள் பெயரில் வேண்டுமானால் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்க வேண்டும். 'கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் வாங்கிவிடுகிறேன்' என்று ஒருவர் போனில் சொன்னார். கம்பெனி என்றாலும், அது குடிமக்கள் கம்பெனியாகக் கணக்காக வேண்டுமானால் அதன் தலைவரும், இயக்குநர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரும் குடிமக்களாக இருக்க வேண்டும், ஓட்டுரிமைப் பங்கில் 75 சதவீதமும் குடிமக்கள் கையில் இருக்க வேண்டும். அந்த வழி உங்களுக்குச் சுலபமில்லை. இப்போதைக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். இன்ஷூரன்ஸ், ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, வருஷச் சோதனை எல்லாம் வேறொருவர் தலைவலியாக இருப்பது ஒரு வரம்.

லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்று அல்ட்ராலைட் என்ற மிக லேசான குட்டி விமானங்களை விற்கிறார்கள். உண்மையா? தீபாவளி விழா நடக்கும் பூங்காவுக்கு மேலே ஒரு ரவுண்டு வந்து அசத்தலாம் என்றிருக்கிறேன். (டேட்டன் வாசகர்)

உண்மைதான். 1982-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. கொண்டுவந்த பார்ட் 103 என்ற விதி. ஒரே சீட். காலி எடை 254 பவுண்டுக்குள், அதாவது 115 கிலோ. ஐந்து கேலனுக்கு மேல் பெட்ரோல் டேங்க் கூடாது. முழு வேகம் 55 நாட், மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். 24 நாட் வரை வேகம் குறைந்தாலும் இறக்கை தாங்க வேண்டும். இதற்குள் இருந்தால் லைசென்ஸ், மருத்துவச் சான்று, பதிவு எண் எதுவும் கேட்க மாட்டார்கள். முந்தைய கேள்விக்காரர் கவனிக்க: எச்-1பிக்காரரும் இதைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் தீபாவளித் திட்டம் நடக்காது. ஊர் நெருக்கத்துக்கு மேலேயும், திறந்தவெளியில் கூடிய கூட்டத்துக்கு மேலேயும் பறக்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. விழுந்தால் உங்கள் தலை மட்டும் போகட்டும் என்பதுதான் இவ்வளவு சலுகைக்கும் விலை.

ஒரே சீட் என்பதை இன்னொரு முறை படியுங்கள். பக்கத்தில் வாத்தியார் உட்கார இடமில்லை, முதல் பறப்பே தனியாக. முதலில் இரண்டு சீட் விமானத்தில் ஆசிரியரோடு கற்று, தனியாகப் பறக்கத் தேறிவிட்டு இதற்கு வாருங்கள். அதுவும் போதாது. அல்ட்ராலைட் பஞ்சு மாதிரி, கம்பியும் குழாயும் காற்றைப் பிடித்து இழுக்கும். இன்ஜின் நின்றால் வேகம் சடாரென்று விழும். மூக்கை அந்தக் கணமே கீழே தள்ள வேண்டும். கனமான விமானத்தில் பழகிய கைக்கு இது தாமதமாகத்தான் உறைக்கும்.

வயது 56. மூன்று வருஷம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறேன். எதற்கும் எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்றுக்கு விண்ணப்பித்துப் பார்ப்போம், கிடைக்காவிட்டால் கார் லைசென்ஸை வைத்து, சின்ன விமானங்களுக்கான எளிய லைசென்ஸான ஸ்போர்ட் பைலட் வாங்கிக்கொள்ளலாம் என்று நண்பர் சொல்கிறார். (கிளீவ்லாந்து)

அண்ணே, அந்தப் படிவத்தைத் தொடாதீர்கள்!

நண்பர் வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறார். ஸ்போர்ட் பைலட்டுக்குக் கார் லைசென்ஸே மருத்துவச் சான்றாகச் செல்லும். ஆனால் கடைசியாக விண்ணப்பித்த எஃப்.ஏ.ஏ. சான்று மறுக்கப்பட்டிருந்தால் அந்தக் கதவும் மூடிவிடும். விண்ணப்பமே போடாதவருக்கு மறுப்பு என்ற பேச்சே இல்லை. ஸ்டென்ட், எஃப்.ஏ.ஏ. பட்டியலில் பெயர் சொல்லித் தடுத்திருக்கும் இதய நோய்க்குள் வருகிறது. தனி அனுமதி வாங்க வழியுண்டு, பரிசோதனைக் காகிதங்கள் நிறைய வேண்டும். முதலில் எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த டாக்டர் ஒருவரிடம் 'ஆலோசனை மட்டும்' என்று சொல்லி நேரம் வாங்குங்கள். படிவம் நிரப்பாமல் பேசலாம்.

கார் லைசென்ஸ் போதும் என்பதால் உடம்பை யாரும் கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. பறக்க முடியாத நிலை என்று உங்களுக்கே தெரிந்தால் பறக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். உங்கள் இதய டாக்டரிடம் 'தனியாகப் பறக்கப் போகிறேன்' என்று அதே வார்த்தையில் சொல்லிக் கேளுங்கள். 'டிரைவ் பண்ணலாமா' என்று கேட்டு வாங்கிய சம்மதம் வேறு.

நர்ஸாக இன்னொன்று சொல்ல வேண்டும். ஓஹையோவில் வசந்தம் வந்தால் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகும். கடையில் வாங்கும் அந்தச் சின்ன ரோஸ் நிற மாத்திரை, பெனட்ரில், போட்டால் 60 மணி நேரம் பறக்கக் கூடாது என்கிறது எஃப்.ஏ.ஏ. இரண்டரை நாள். இரவு தூக்கத்துக்கென்று 'பி.எம்.' போட்டு விற்கும் மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்துதான். விபத்தில் இறந்த பைலட்டுகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, மந்தம் தரும் மருந்துகளில் அதிகம் அகப்பட்டது இதுவே. மதுவுக்கு எட்டு மணி நேரம் என்று எல்லோருக்கும் தெரியும். மாத்திரைக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

செஸ்னா 172-ஐயும் இப்போது ஸ்போர்ட் பைலட் ஓட்டலாமாமே? மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போகலாம் அல்லவா?

2025 அக்டோபரிலிருந்து ஓட்டலாம். எடை வரம்பை எடுத்துவிட்டு, விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்பதை அளவாக வைத்துவிட்டார்கள். ஆனால் நாலு சீட் இருந்தாலும் கூட்டிப்போகலாம் என்பது ஒரே ஒருவரைத்தான். வீட்டில் யார் அந்த ஒருவர் என்று நீங்களே பேசி முடியுங்கள். எல்லோரும் போக வேண்டுமென்றால் பிரைவேட் பைலட் லைசென்ஸ். குறைந்தபட்சம் 40 மணி நேரம் என்பார்கள், எனக்கு 61 ஆயிற்று.

பழைய விமானம் ஒன்று பார்த்திருக்கிறேன். போன மாதம்தான் வருஷச் சோதனை முடிந்ததாம். நம்பி வாங்கலாமா?

எனக்கும் ஒருவர் இதையே சொன்னார். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. லாக் புக்கில் கையெழுத்து ஈரம் காயாத குறை. நான் முன்பணம் எடுத்துக்கொண்டே போய்விட்டேன். கூட வந்த என் மெக்கானிக், இறக்கையின் அடியிலுள்ள சோதனைத் துளை மூடியைக் கழற்றி, பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டார். பத்து நிமிஷம் பேச்சில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த வகை விமானத்தில் இறக்கைக்கு முதுகெலும்பாக ஒரு நீள மரக்கட்டை ஓடும். முட்டுக்கம்பி வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், மரத்தின் ரேகைக்குக் குறுக்கே தலைமுடி மாதிரி ஒரு கோடு. எப்போதோ தரையில் சுழன்று இறக்கை நுனி மோதியிருக்கும், மரம் அமுங்கி நொறுங்கிய தழும்பு. மேலே புதுத் துணி போர்த்தி அழகு பண்ணிவிட்டார்கள். விற்றவரிடம் சொன்னேன். 'இத்தனை வருஷம் பறக்கவில்லையா' என்றார். கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

வருஷச் சோதனைக்குக் கையெழுத்துப் போட அதற்கென்று அதிகாரம் பெற்ற மெக்கானிக் வேண்டும். கையெழுத்து இருந்தாலும், விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு சொந்தக்காரருடையது. ஒவ்வொரு முறை கிளம்புமுன் அதைத் தீர்மானிப்பது ஓட்டுகிறவர். ஆகவே விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, அதே வகை விமானத்தில் கை பழகிய மெக்கானிக்கை உங்கள் காசில் கூட்டிப்போங்கள். நாங்கள் கடைசியில் வாங்கியதிலும் இறக்கைக்குள் எலிக்கூடு இருந்தது. எலி மூத்திரம் உலோகத்தை அரிக்கும். அதைச் சொல்லி விலையைக் குறைத்தோம்.

மதுரையிலிருந்து மாமனார் வருகிறார், 96 கிலோ. அவரை ஒரு முறை உங்கள் விமானத்தில் ஏற்ற முடியுமா? ஆகிற செலவைக் கொடுத்துவிடுகிறோம்.

தாராளமாக. ஆனால் முழுச் செலவையும் வாங்கினால் நான் வாடகை விமானம் ஓட்டுகிறவள் ஆகிவிடுவேன், அதற்கு என் லைசென்ஸ் இடம் கொடுக்காது. அன்றைய பெட்ரோல், ஆயிலில் பாதிக்குக் குறையாமல் என் கையிலிருந்து போக வேண்டும். காசே வேண்டாம்.

இனி எடைக் கணக்கு. எங்கள் சாம்ப் அதிகபட்சம் 1,220 பவுண்டோடு கிளம்பலாம். காலி எடை 790. மிச்சம் 430. ஆயில் 8, நான் 140, மாமா 212. மீதி 70. டேங்க் நிறைய 13 கேலன் போட்டால் 78 பவுண்டு, தாங்காது. 9 கேலன் போடுவேன், 54. மணிக்கு நாலு கேலனுக்குக் கொஞ்சம் மேல் குடிக்கும். அரைமணி நேரம் சுற்றிவிட்டு வர இது தாராளம். பாக்கி 16 பவுண்டில் அவருடைய கோட், ஷூ, கேமரா. முறுக்கு டப்பாவை ஹேங்கரில் வைத்துவிடலாம், இறங்கியபின் சாப்பிடுவோம். 96 என்பது சொன்ன எடையா, பார்த்த எடையா என்பதும் தெரிய வேண்டும். ஹேங்கரில் தராசு வைத்திருக்கிறேன், கோட் ஷூவோடு ஏறி நிற்கச் சொல்வேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, பின் சீட்டிலும் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக் ஒன்று உண்டு. நான் முன்னால் இழுத்தால் அவர் மடியில் இருப்பதும் அசையும். முழுக்கப் பின்னால் வரும்போது அவர் வயிற்றில் இடிக்கிறதா என்று தரையிலேயே பார்த்துவிடுவேன். இடித்தால் பறக்க மாட்டோம், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் காற்று குலுக்கும். மாமாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இட்லி இரண்டு போதும்.