வாடகை உதவியா, வீடு கட்ட நிதியா: அரசு எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்?

வாடகை கட்ட முடியாத குடும்பங்களுக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்தால் போதுமா, அரசே நிதி ஒதுக்கிக் குறைந்த வாடகை வீடுகளைக் கட்ட வேண்டுமா, கட்டுவதென்றால் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தேவை, ஆனால் இரண்டையும் சமமாக வைக்க என்னால் முடியாது. இன்று செலவிடும் பணம் நாற்பது ஆண்டு கழித்தும் குறைந்த வாடகைக்கு விடப்படும் வீடாக இருக்குமா என்பதைத்தான் எந்தத் திட்டத்திலும் நான் முதலில் பார்ப்பேன்.

வாடகை உதவியைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. வேலை இழந்த குடும்பத்துக்கு வரும் மாத வாடகைதான் பிரச்சினை. மூன்றாண்டு கழித்துக் கட்டி முடியப்போகும் அடுக்ககம் அதற்கு உதவாது. ஆனால் வீடுகளே பற்றாக்குறையாக இருக்கும் நகரத்தில், உதவித்தொகையின் ஒரு பகுதி உயர்ந்த வாடகையாக உரிமையாளர் கைக்குப் போய்விடுகிறது. உதவி நின்ற மறுமாதமே அந்தக் குடும்பம் வாடகை கட்ட முடியாத பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அமெரிக்காவில் 1974 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகை உதவித் திட்டங்கள், தகுதியுள்ள எல்லாருக்கும் உரிமையாகக் கிடைப்பவை அல்ல. ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்தால் காத்திருப்போர் பட்டியல்தான். மத்திய அரசின் எல்லா வீட்டு உதவிகளையும் சேர்த்தாலும், தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் அவை எட்டுகின்றன.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை, பெரும்பாலும் வட்டியிலும் கடனின் கால அளவிலும் இருக்கிறது. ஒரு வீட்டைக் கட்ட 1,00,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டு நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அந்தத் தொகையை 6 விழுக்காடு வட்டிக்கு 25 ஆண்டுக் கடனாக வாங்கினால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 7,800 ஆகும். அதே தொகையை 3 விழுக்காடு வட்டிக்கு 50 ஆண்டுகளில் திருப்பிக் கட்டலாம் என்றால், தவணை 3,900க்குச் சற்றுக் கீழே வந்துவிடுகிறது. பராமரிப்புச் செலவை நீக்கிப் பார்த்தால், மானியமாக ஒரு காசும் கொடுக்காமலேயே வாடகையில் அடங்கவேண்டிய கட்டுமானச் சுமை பாதியாகிவிட்டது. அரசு தானே 3 விழுக்காட்டுக்குக் கடன் திரட்ட முடிகிற காலத்தில், அதை அப்படியே வீடு கட்டும் அமைப்புகளுக்குக் கைமாற்றிக் கொடுப்பதால் கருவூலத்துக்குப் பெரிய இழப்பும் இல்லை. அதற்கும் கீழே வாடகையைக் குறைக்க வேண்டிய மிக ஏழைக் குடும்பங்களுக்குத்தான் நேரடி மானியம் தேவைப்படுகிறது. இந்த வேறுபாடு தெரியாமல், வீடமைப்பு என்றாலே கருவூலத்தைக் காலி செய்யும் செலவு என்று பேசுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இத்தகைய நீண்டகாலப் பணத்தைத் திரட்ட நாடுகள் வெவ்வேறு வழிகளைக் கண்டிருக்கின்றன. பிரான்சில் பொதுமக்கள் 'லிவ்ரே ஆ' என்னும் வரியற்ற சேமிப்புக் கணக்கில் போடும் பணத்தின் பெரும்பகுதி ஒரு பொதுத்துறை நிதி நிறுவனத்தில் திரண்டு, அங்கிருந்து, குறைந்த வாடகை வீடுகளைக் கட்டி நடத்தும் சமூக வீடமைப்பு அமைப்புகளுக்கு 40 ஆண்டு, நிலத்துக்கென்றால் அதைவிடவும் நீண்ட காலக் கடனாகப் போகிறது. அந்தக் கடன்களில் பெரும்பாலானவற்றின் வட்டி சேமிப்பு வட்டியோடு சேர்ந்து ஏறி இறங்குவது அதன் பலவீனம். சேமிப்பு வட்டி 2023இல் 3 விழுக்காட்டுக்கு உயர்ந்தபோது வீடமைப்பு அமைப்புகளின் கடன் சுமையும் கூடவே உயர்ந்தது. டென்மார்க் 1967இல் தேசிய நிதியம் ஒன்றை அமைத்தது. அங்கே கட்டுமானக் கடன் அடைந்த பிறகும் வாடகை குறைக்கப்படுவதில்லை. கடனுக்குப் போய்க்கொண்டிருந்த தொகை நிதியங்களுக்குத் திரும்பி, பழைய குடியிருப்புகளைச் செப்பனிடப் பயன்படுகிறது. பழைய வீடு அடுத்த தலைமுறையின் வீட்டுக்குப் பணம் தருகிற இந்த ஏற்பாடு, நான் அறிந்தவற்றில் மிக அறிவார்ந்தது.

வியன்னாவின் வழி வேறு. 1923இல் அந்த நகரம் வீட்டுவரி ஒன்றை விதித்தது. சிறிய குடியிருப்புகளுக்கு மிகச் சொற்பமாகவும், ஆடம்பர வீடுகளுக்குப் பல மடங்காகவும் அந்த வரி ஏறிச் சென்றது. அதைக்கொண்டு 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. கடன் வாங்காமல் வரிப்பணத்தில் கட்டியதால், வாடகையில் பராமரிப்புச் செலவை மட்டும் வசூலித்தால் போதுமானதாக இருந்தது. இன்றும் அந்நகர மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ அரசு உதவி பெற்ற வீடுகளிலோ வாழ்கிறார்கள். பழைய வீடுகளை நகரம் விற்காமல் வைத்துக்கொண்டது இதற்கு முக்கியமான காரணம்.

விற்ற நாடுகளின் கதையையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1980ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளாட்சி வீடுகளில் குடியிருந்தவர்கள் பெரிய தள்ளுபடியில் அவற்றை வாங்க வழி செய்தது. வாங்கிய குடும்பங்களுக்கு அது நன்மைதான்; அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விற்ற பணத்தைக்கொண்டு மாற்று வீடு கட்ட உள்ளாட்சிகளுக்குக் கட்டுப்பாடு விதித்ததால், இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் குறைந்த வாடகைக் கணக்கிலிருந்து போய்விட்டன. அவற்றில் கணிசமானவை பின்னர் தனியார் வாடகை வீடுகளாகி, அங்கே குடியேறிய ஏழைகளுக்கு அரசே வாடகை உதவி கொடுக்கும் நிலை வந்தது. ஸ்காட்லாந்து 2016லும் வேல்ஸ் 2019லும் அந்த விற்பனை உரிமையை முடித்துக்கொண்டன. ஜெர்மனியில் விற்காமலேயே இதே இழப்பு நேர்ந்தது: அங்கே மானியக் கடன் பெற்றுக் கட்டிய வீட்டுக்கு வாடகை வரம்பு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே உண்டு, காலம் முடிந்ததும் அது சந்தை வாடகைக்குப் போய்விடும். புதிதாகக் கட்டுவதைவிட வரம்பு முடிந்து வெளியேறும் வீடுகள் கூடுதலாக இருந்ததால், பல பத்தாண்டுகளாக அங்கே சமூக வீடுகளின் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்திருக்கிறது.

ஆகவே தனியார் கட்டுநர்களுக்கு வரிச் சலுகை கொடுத்து வீடு கட்டவைக்கும் திட்டம் எதையும் நான் எடுத்த எடுப்பில் எதிர்க்க மாட்டேன். வாடகை வரம்பு எத்தனை ஆண்டுக்கு, அதற்குப் பிறகு வீடு யாருக்குச் சொந்தம் என்று கேட்பேன். அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய வரிச்சலுகைத் திட்டம் இலட்சக்கணக்கான வீடுகளைத் தந்திருக்கிறது. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவற்றின் வாடகைக் கட்டுப்பாடு முப்பது ஆண்டு அளவில் முடிகிறது என்பதால், ஒரே வீட்டை மலிவாக வைத்திருக்க அரசு மீண்டும் பணம் தர நேரிடுகிறது.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். நிலம் சந்தை விலையில் வாங்கப்படும் இடத்தில், வீடமைப்பு மானியம் வரப்போகிறது என்ற செய்தியே நில விலையை ஏற்றிவிடக்கூடும். கொடுத்த மானியம் நில உரிமையாளரிடம் நின்றுவிடும். உங்கள் அரசு வீடமைப்புக்குப் புதிய நிதி அறிவித்தால், அந்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன், அதே அரசு தன் கையிலுள்ள பொது நிலத்தை ஏலத்தில் விற்றுக்கொண்டிருக்கிறதா, நீண்டகாலக் குத்தகைக்கு வீடமைப்பு அமைப்புகளிடம் கொடுக்கிறதா என்று பாருங்கள்.