கேள்வி-பதில்: ஆபீஸ் நெட்வொர்க்கை யாரிடம் கொடுப்பது?

வந்த கடிதங்களில் பாதி, "நல்ல ஆள் ஒருவர் பெயர் சொல்லுங்கள்" என்றுதான் இருக்கின்றன. பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் யார் ஒழுங்காக வேலை செய்கிறார் என்பது உங்கள் பக்கத்து கம்பெனிக்காரருக்குத்தான் தெரியும். எதைப் பார்த்து எடுப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

80 பாயின்ட் (நெட்வொர்க் கேபிள் வந்து முடியும் இடம்) கேபிளிங்குக்கு மூன்று கொட்டேஷன் வாங்கினோம். இரண்டு 3 லட்சத்தைத் தாண்டுகிறது, ஒன்று மட்டும் 2 லட்சத்துக்குக் கீழே. குறைந்ததை எடுக்கலாமா? (திருப்பூர்)

அந்தக் குறைந்த கொட்டேஷனில் கேபிளின் பிராண்டும் பார்ட் நம்பரும் இருக்கிறதா, பாருங்கள். "கேட்6 கேபிள் 12 பெட்டி" என்று மொட்டையாக ஒரு வரி இருந்தால் (கேட்6 என்பது நெட்வொர்க் கேபிளில் ஒரு ரகம்), வரப்போவது பெரும்பாலும் செம்புப் பூச்சு பூசிய அலுமினியக் கம்பி. ஒரு கம்பியின் மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்புங்கள். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே கனத்தில் தெரிந்துவிடும். இந்தக் கம்பி எந்தத் தரநிர்ணயத்திலும் சேராது. பிஓஇ-யில், அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட்டும் அனுப்பி, கேமரா ஓட்டினால் சூடாகும், இரண்டு தடவை வளைத்தால் ஒடியும். "முழுச் செம்பு" என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 140 மீட்டர். வழியில் ஒரு சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) வைத்து கேட்6-லேயே இழுத்துவிடலாம் என்கிறார் எங்கள் ஆள். (ஓசூர்)

வேண்டாம். செம்புக்கு 100 மீட்டர்தான் கணக்கு, அதிலும் 10 மீட்டர் பேட்ச் கார்டுக்கு (இரு முனையிலும் கருவியோடு இணைக்கும் சின்னக் கேபிள்) போய்விடும். நடுவழி சுவிட்ச் மழையிலும் வெயிலிலும் தொங்கப்போகிறது. அதைவிட முக்கியம்: பக்கத்தில் இடி விழுந்தால் செம்புக் கம்பி வழியாக இரண்டு பக்கச் சுவிட்சும் சேர்ந்து போகும். சிங்கிள்மோடு ஃபைபர் (தூரம் தாங்கும் கண்ணாடி இழைக் கேபிள்), 6 கோர், அதாவது 6 இழை, போடச் சொல்லுங்கள். இன்றைக்கு இரண்டு கோர் போதும், மீதி பின்னால் உதவும்.

நெட்வொர்க் போட எவ்வளவு ஆகும்? (ஊர் பெயர் இல்லை)

எத்தனை பேர், எத்தனை மாடி, இருக்கிற கேபிளா புதிதா, ஒன்றும் எழுதவில்லை. நான் எதைக் கணக்குப் போடுவது? விவரத்தோடு எழுதுங்கள்.

எங்கள் ஃபயர்வால் (வெளியாள் நுழையாமல் தடுக்கும் பெட்டி), சுவிட்ச் எல்லாவற்றின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் போட்டுக் கொடுத்தவரிடமே இருக்கிறது. கேட்டால், "உங்களுக்கு எதுக்கு சார், யாராவது மாற்றிவிட்டால் நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார். இப்போது ஆளை மாற்ற நினைக்கிறோம். (கரூர்)

இந்தக் கடிதம் மாதா மாதம் ஏதாவது ஒரு ஊரிலிருந்து வருகிறது. வீட்டைக் கட்டிக் கொடுத்த மேஸ்திரி சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போனால் விடுவீர்களா? நெட்வொர்க்கில் மட்டும் விடுகிறீர்கள்.

பாஸ்வேர்டோடு இது முடியாது. ஃபயர்வாலின் லைசென்ஸ் யாருடைய இமெயிலில் பதிவாகியிருக்கிறது? பெரும்பாலும் அவருடையதில். புதுப்பிக்கும் நாளில் அவர் சொல்வதுதான் விலை. கிளவுடில் நிர்வகிக்கும் வைஃபையாக இருந்தால், உங்கள் காசில் வாங்கிய ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) எல்லாம் அவருடைய அக்கவுன்டில் உட்கார்ந்திருக்கும். ஆவணமும் இருக்காது. சுவிட்ச் இருக்கும் ராக்கைத் திறந்தால் 48 நீலக் கேபிள், ஒன்றிலும் லேபிள் இல்லை. ஒன்றில் மட்டும் ஸ்கெட்ச் பேனாவில் "எம்.டி. ரூம்" என்று எழுதியிருக்கும், எம்.டி. அந்த ரூமை விட்டு மாறி வருஷக்கணக்காகியிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் பில்களைத் தேடி எடுங்கள். கம்பெனி பெயரும் சீரியல் நம்பரும் உள்ள பில் இருந்தால், லைசென்ஸை உங்கள் இமெயிலுக்கு மாற்றித் தரும்படி தயாரிப்பாளரின் சப்போர்ட்டிலேயே நேராகக் கேட்கலாம். ஸ்டேடிக் ஐபி (உங்கள் லைனின் மாறாத முகவரி), கேட்வே (லைன் வெளியே போகும் வழியின் முகவரி) விவரங்களை இன்டர்நெட் கம்பெனியிடம் நேரே வாங்குங்கள். இத்தனையும் கையில் வந்த பிறகு பழைய ஆளிடம் இமெயிலில் பாஸ்வேர்டு கேளுங்கள். பாக்கி ஏதாவது தர வேண்டியிருந்தால் கணக்கு முடிக்கும்போது இதையும் சேர்த்து முடியுங்கள். தரவே மாட்டேன் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு போர்ட்டையும் (கேபிள் செருகும் துளை) படம் எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஃபேக்டரி ரீசெட் செய்து புதிதாக கான்ஃபிகர் செய்ய வேண்டியதுதான்.

புது ஆள் வரும்போது சூப்பர் அட்மின் பாஸ்வேர்டு ஒட்டிய கவரில் உங்கள் பீரோவில் இருக்கட்டும். அவருக்குத் தனி லாகின் கொடுங்கள். யார் எதை மாற்றினார்கள் என்று லாகில் (கருவி தானே எழுதிவைக்கும் பதிவு) தெரியும், "நாங்கள் பொறுப்பில்லை" என்ற பேச்சும் அடங்கும். கான்ஃபிகரேஷன் பேக்கப் (கருவிகளில் செய்த அமைப்புகளின் நகல்), நெட்வொர்க் வரைபடம், போர்ட் பட்டியல் மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் கடைசி 10 சதவீதப் பணம். இதையும் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

இரண்டு கம்பெனி இன்டர்நெட் வைத்திருக்கிறோம். மழை வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் போகிறது. (மதுரை)

வாசலில் இறங்கி மேலே பாருங்கள். இரண்டு ஃபைபரும் ஒரே ஈபி கம்பத்தில்தான் வரும். பில் இரண்டு, பாதை ஒன்று. வாங்கும் முன்னே "எந்தத் தெரு வழியாக வருகிறது?" என்று கேட்டிருக்க வேண்டும். ஒன்றை வேறு பக்கத்திலிருந்து கொண்டு வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து ரேடியோ லிங்க். ஒப்பந்தத்தில் 99.5 சதவீத நேரம் லைன் இருக்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மாதத்துக்கு மூன்றரை மணி நேரம் லைன் இல்லாமல் இருந்தாலும் அவர்கள் வாக்கைக் காப்பாற்றியதாகத்தான் அர்த்தம்.

சென்னைப் பெரிய கம்பெனியா, உள்ளூர் ஆளா? (சிவகாசி)

பெரிய கம்பெனியும் உங்கள் ஊர் வேலையை உள்ளூரில் ஒருவருக்கு சப்-கான்ட்ராக்ட் விடும். ஆகவே, வரப்போகிற இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறார், அவர் லீவில் போனால் அடுத்து யார் என்று கேளுங்கள். "4 மணி நேர ரெஸ்பான்ஸ்" என்றால் நாலு மணி நேரத்தில் போன் எடுப்பார்கள் என்றுதான் பொருள். சரிசெய்து முடிக்க எவ்வளவு நேரம், ஸ்டாண்ட்பை சுவிட்ச் அவர் கையில் இருக்கிறதா, இரண்டையும் எழுதி வாங்குங்கள். ரெஃபரன்ஸுக்குப் போன மாதம் முடித்த இடத்தைக் காட்டினால் ஏற்காதீர்கள். மூன்று வருஷமான வாடிக்கையாளரைக் கேளுங்கள்.

டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தது, கேபிள் ஓகே என்கிறார்கள். (ஈரோடு)

கம்பி அறுபடவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. சர்ட்டிஃபிகேஷன் டெஸ்டர் (கேபிள் அதன் ரகத்துக்குரிய தரத்தில் இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ரிப்போர்ட் வாங்குங்கள்.

லாக் 180 நாள் வைக்க வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். (திருச்சி)

பயமுறுத்தவில்லை. செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு அது. ஹேக்கிங் போன்ற சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் அதற்காக அவர் விற்கும் விலை உயர்ந்த பெட்டி கட்டாயமில்லை. உங்கள் அளவுக்கு, பெரிய டிஸ்க் போட்ட பழைய கம்ப்யூட்டரில் சிஸ்லாக் (எல்லாக் கருவிகளின் லாகையும் சேர்த்துவைக்கும் மென்பொருள்) ஓடினாலே போதும்.

எல்லாமே வைஃபை என்றால் கேபிள் செலவு மிச்சம்தானே? (நாமக்கல்)

ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கேபிள் யார் இழுப்பது?

என் மச்சான் மகன் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அவனிடமே கொடுத்துவிடலாமா? (திண்டுக்கல்)

கொடுங்கள். செமஸ்டர் பரீட்சை அன்று சுவிட்ச் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று யோசித்துவிட்டுக் கொடுங்கள். சொந்தக்காரப் பையன்தானே என்று விட்டுவிடாமல் அவனிடமும் பாஸ்வேர்டை எழுதி வாங்குங்கள்.