உவர்ப் புழுதியில் எட்டு நாள்: தோலை எப்படிக் காப்பது?

கேள்வி: கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறேன், வயது 29. ஆகஸ்ட் கடைசியில் நண்பர்களோடு பர்னிங் மேன் விழாவுக்குப் போகிறேன். நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் எட்டு நாள் கூடாரத்தில் தங்குவோம். சென்ற முறை போன நண்பன் குதிகாலும் விரல்நுனியும் வெடித்துத் திரும்பினான். இத்தனைக்கும் தினமும் லோஷன் போட்டானாம். எனக்கு இயல்பிலேயே வறண்ட தோல். சிறுவயதில் முழங்கை மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா) இருந்தது. ஊரிலிருந்து அம்மா, தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார். எந்த கிரீம் வாங்கட்டும்?

பதில்: லோஷன் போட்டும் உங்கள் நண்பருக்குத் தோல் வெடித்தது ஏன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் கிரீம் வாங்குவது சின்ன வேலை.

பாலைவனம் என்றதும் நமக்கு மணல்தான் நினைவுக்கு வரும். பிளாக் ராக்கில் காலடியில் இருப்பது மணலே இல்லை. பனியுகத்தில் அந்தப் பகுதி முழுக்க லஹோண்டான் என்ற பெரிய ஏரி இருந்தது. அது வற்றியபோது தங்கிப்போன உப்பும் வண்டலும்தான் இன்றைய தரை. பிளாயா என்கிறார்கள். முகப்பவுடர் போல மென்மையான, வெளிறிய புழுதி. நல்ல காரத்தன்மை கொண்டது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் களர் நிலம், உவர்மண். அந்தக் காலத்தில் வண்ணார்கள் துணி வெளுக்க உவர்மண்ணைப் பயன்படுத்தியது எதற்காக? துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை அதன் காரம் கரைத்து எடுக்கும் என்பதற்காக. அதே வேலையை அந்தப் புழுதி எட்டு நாளும் உங்கள் தோலில் செய்யும்.

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும் (பி.எச். 7-க்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம்). செராமைடு என்ற கொழுப்பைத் தோல் தானே தயாரித்து, செல்களுக்கு இடையே சாந்து போலப் பூசி வைக்கிறது. அதைத் தயாரிக்கும் நொதிகளுக்கு இந்த அமிலச் சூழல் வேண்டும். காரம் ஏறினால் அவை மந்தமாகும். செல்களைப் பிணைத்திருக்கும் இழைகளை அறுக்கும் நொதிகளோ முடுக்கிவிடப்படும். சாந்து குறைகிறது, கல்லும் பெயர்கிறது. சுவர் வழியே தண்ணீர் கசிகிறது. காற்றில் ஈரம் இல்லாத இடத்தில் அந்தக் கசிவு இன்னும் வேகமாக நடக்கும். கரப்பான் இருந்தவர்களின் தோலில் பி.எச். ஏற்கெனவே கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்பதால், உங்கள் நண்பரைவிட நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். காரப் புழுதி படிந்த காலின் மேலேயே லோஷனைத் தடவினால் என்ன ஆகும்? புழுதி குழைந்து தோலோடு ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் கிடக்கும். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் வாய் வெந்துவிடுகிறதே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான், மெதுவாக நடக்கிறது. அதனால் என் முதல் ஆலோசனை கிரீமைப் பற்றியது இல்லை. முதலில் புழுதியை எடுக்க வேண்டும், அடுத்து காரத்தை முறிக்க வேண்டும், அதற்குப் பிறகே ஈரத்தைப் பூட்ட வேண்டும். இந்த வரிசை மாறினால் எவ்வளவு விலை உயர்ந்த கிரீமும் வீண்.

காரத்தை முறிக்க வெள்ளை வினிகர் போதும், மளிகைக் கடையில் கிடைக்கும் 5 சதவீத வினிகர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கூடாரத்துக்கு வந்ததும் கால், கைகளில் உள்ள புழுதியை உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு வினிகர் நீரைத் தெளித்து, அரை நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். விரல் இடுக்கை மறக்க வேண்டாம். தோல் ஈரமாக இருக்கும்போதே கிரீம். கூடுதலாகக் கலந்தால் கூடுதல் பலன் என்று நினைத்துவிடாதீர்கள். வினிகரும் தோலை எரிக்கும். வெடித்துப் பிளந்த இடத்திலும் கண்ணுக்குப் பக்கத்திலும் அது வேண்டாம். வெடிப்பை வெறும் தண்ணீரில் கழுவி, வாசலின் தடவிக் கட்டுப்போட்டால் போதும்.

தண்ணீரை அங்கே எண்ணி எண்ணித்தான் செலவழிக்க வேண்டியிருக்கும். குடிக்க, சமைக்க, கழுவ என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கேலன், அதாவது ஐந்தரை லிட்டருக்கும் சற்று அதிகமாகக் கொண்டுபோகச் சொல்வார்கள். கழுவிய தண்ணீரைத் தரையில் ஊற்றக் கூடாது என்பதும் அங்கே கண்டிப்பு, பிடித்துவைத்துத் திரும்ப எடுத்துவர வேண்டும். இது தோலுக்கு ஒருவகையில் நல்லதுதான். தினமும் முழுக் குளியல் போட்டுத் தோலின் எண்ணெயைக் கழுவிவிட மாட்டீர்கள். முகம், கை, அக்குள், தொடையிடுக்கு, பாதம் என்று ஐந்து இடங்களைத் துடைத்தால் போதும். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் மட்டும். சாதாரண சோப்பின் பி.எச். 9, 10 என்று இருக்கும். அதுவும் காரம்தான், ஆகவே காரமில்லாத சிண்டெட் வகைக் கட்டியாக, அதாவது சோப்பு சேராத செயற்கைச் சுத்திகரிப்புக் கட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கடலை மாவு, நலங்கு மாவு தேய்ப்பதெல்லாம் அங்கே வேண்டவே வேண்டாம். புழுதியோடு சேர்த்துத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டது போல ஆகிவிடும்.

சரி, கிரீமுக்கு வருவோம். பாட்டிலில் ஊற்றும் லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். வறண்ட காற்றில் அது பறந்துவிடும். டப்பாவில் வரும் கெட்டியான, வாசனை சேர்க்காத கிரீமை வாங்குங்கள். கிளிசரின், செராமைடு இரண்டும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிசரினும் ஹயலூரோனிக் அமிலமும் ஈரத்தை இழுத்துப் பிடிப்பவை. ஆனால் வெளிக்காற்றில் ஈரமே இல்லாதபோது அவை தோலின் உள்ளிருந்துதான் இழுக்கும். மேலே ஒரு மூடி இல்லாவிட்டால் இழுத்த ஈரமும் ஆவியாகிவிடும். அந்த மூடிக்கு வாசலினை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் கருத்து, விலையும் குறைவு. பகலில் அதைப் பூசிக்கொண்டு வெளியே போனால் புழுதி முழுக்க உங்கள் மேல்தான் படியும். எனவே பகலில் கிரீம் மட்டும், மெல்லிதாக. இரவில் கிரீமின் மேல் வாசலின். பாதத்துக்குக் காலுறை, கைக்குப் பருத்திக் கையுறை.

அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல மருந்துதான். ஆனால் அந்த இடத்துக்கு அது பொருந்தாது. பகலில் தடவினால் புழுதி அப்பிக்கொள்ளும், வெயிலையும் தடுக்காது. இரவிலோ 24 டிகிரிக்குக் கீழே போனதும் எண்ணெய் உறைந்துவிடும். அங்கே இரவுக் குளிர் அதைவிடக் கீழே நன்றாகவே இறங்கும்.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். “நமக்குக் கறுப்புத் தோல், சன்ஸ்கிரீன் எதற்கு?” என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் ஓரளவு காப்பாற்றும், அவ்வளவுதான். பிளாக் ராக் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,190 மீட்டர் உயரம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். மர நிழலும் கிடையாது. வெளிறிய தரை ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தொப்பி போட்டாலும் தாடைக்கு அடியில் கருக்கும். நம் தோலுக்கு வரும் கருமை மாதக்கணக்கில் போகாது. எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், ஜிங்க் ஆக்ஸைடு உள்ள, நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனாக வாங்குங்கள். முகம் வெள்ளையடித்தது போல இருக்காது; அதிலுள்ள இரும்பு ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்தும் கொஞ்சம் காக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். கிரீம் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பூசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசும்போது முதலில் ஈரத்துணியால் புழுதியைத் துடைத்தெடுங்கள். நீளக் கையுள்ள மெல்லிய பருத்திச் சட்டை இவை எல்லாவற்றையும்விட மேல்.

பாதத்துக்கு என் ஒரே கட்டளை, வெறுங்காலோடு நடக்காதீர்கள். தரை சமமாக, மெத்தென்று இருப்பதால் ஆசை வரும். அப்படி நடந்தவர்களுக்கு வருவதைத்தான் ‘பிளாயா ஃபுட்’ (பிளாயா பாதம்) என்கிறார்கள். பார்ப்பதற்கு நம் பித்தவெடிப்பு போல இருந்தாலும் அது காரத்தால் வந்த புண். செருப்பும் சரிப்படாது, வாருக்கு அடியில் புழுதி புகுந்து உராயும். காலுறையும் மூடிய காலணியும் போடுங்கள். காலுறையைத் தினமும் மாற்றுங்கள்.

உதடு காய்ந்தால் நாக்கால் நனைக்காதீர்கள், எச்சில் இன்னும் காயவைக்கும். எஸ்.பி.எஃப். உள்ள, மென்தால் இல்லாத லிப் பாம் போதும். மூக்கில் உப்புநீர் ஸ்பிரே, கண்ணுக்கு இறுக்கமான காகிள்ஸ். காண்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால் அந்த எட்டு நாள் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். தண்ணீர் குடிப்பது தோல் வறட்சியை நேரடியாகப் போக்காது. ஆனாலும் தாகத்துக்காகக் காத்திருக்காமல் குடியுங்கள். அங்கே வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு இழந்தோம் என்பது தெரியாது.

இவற்றில் ஒரு பகுதியைப் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும். இரண்டு வாரம் இருக்கும்போதே இரவில் குதிகாலுக்கு 10 முதல் 20 சதவீத யூரியா கிரீம் தடவி வாருங்கள். வெடித்த இடத்தில் தடவினால் எரியும், அதனால் அங்கே போய்த் தொடங்காதீர்கள். புதிதாக வாங்கிய எதையும் முதலில் முன்கையில் சில நாள் தடவிப் பாருங்கள். கரப்பானுக்கு உங்கள் மருத்துவர் களிம்பு எழுதித் தந்திருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். கூடாரமும் காரும் பகலில் அடுப்பாகக் கொதிக்கும் என்பதால் களிம்பு, சன்ஸ்கிரீன் எல்லாம் குளிர்ப்பெட்டியில் இருக்கட்டும், பனிக்கட்டியைத் தொடாமல். வெடிப்பைச் சுற்றிச் சிவந்து சூடாகிச் சீழ் வைத்தால் திரும்பி வரும்வரை பொறுக்காதீர்கள். விழாவிலேயே மருத்துவ முகாம் இருக்கிறது, அன்றே காட்டிவிடுங்கள்.

அப்புறம், வீடு திரும்பியதும் காலணி, பை, கூடாரத்தை எல்லாம் கையுறை போட்டு வினிகர் நீரால் துடையுங்கள். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் அந்தப் புழுதி கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். வெதுவெதுப்பான நீரில் குளித்து, தோலை ஒற்றியெடுத்து, அந்த ஈரத்திலேயே அம்மா சொன்ன தேங்காய் எண்ணெயைத் தடவுங்கள். ஒரு வாரம் தினமும் தடவலாம்.