உகாண்டா செல்லும் அம்மாவுக்கு ஊசியும் மாத்திரையும்

கேள்வி: கம்பாலாவில் வேலை பார்க்கும் தம்பியைப் பார்க்க, 63 வயதாகும் அம்மா மூன்று மாதப் பயணமாகச் செல்கிறார். சர்க்கரை நோய்க்கு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் மாத்திரை வாங்குகிறார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை எங்கே போடுவது? மாத்திரைக்கு என்ன செய்வது? – வாசகர், செங்கல்பட்டு

பதில்: முதலில் ஊசி. போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். உங்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வசதி. ஊசி போடும் கிழமையையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டுடன் போங்கள். அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். நாடு திரும்பும்போதும் கேட்பார்கள். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்த முடியும். இந்தக் கண்டிப்பு நியாயமானது. நோய் இங்கே இல்லை, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் தண்ணீர்த் தொட்டிகளிலேயே வளர்கிறது.

அம்மாவின் வயதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 60 வயதைக் கடந்து முதன்முறை போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு மிக அரிது என்றாலும், இளையவர்களைவிடச் சற்று அதிகம். சர்க்கரை நோய் மட்டும் தடையில்லை. முட்டை ஒவ்வாமை, புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றில் எது இருந்தாலும் மறைக்க வேண்டாம்.

மாத்திரைக்கு, பயணத் தேதியோடு சுகாதார நிலைய மருத்துவரை நேரில் பாருங்கள். கையிருப்பைப் பொறுத்துக் கூடுதலாகத் தருவார்கள். குறைவதை வெளியே வாங்கிக்கொள்ளலாம். மருந்துச் சீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதில் கம்பெனிப் பெயர் இல்லாமல் மெட்ஃபார்மின் என்று மருந்தின் பெயரே இருக்கும். கம்பாலா மருந்துக் கடைக்காரருக்கும் அது புரியும். மருந்துகளை மூலப்பெயரில் மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவானது. மாதாமாதம் காசில்லாமல் மாத்திரை வாங்கி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பதால்தான் பலரின் அம்மாக்கள் இன்று விமானம் ஏறுகிறார்கள். பல நாடுகளில் ஏழைகளுக்கு இது வாய்க்கவில்லை. மருந்தாளுநரிடமும் செவிலியரிடமும் அம்மாவே விடைபெற்று, நன்றி சொல்லிவிட்டு வரட்டும். யாரும் சொல்லாத நன்றி அது.

மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். உகாண்டாவில் மலேரியா அதிகம். தடுப்பு மாத்திரையை இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள், கொசுவலையும் வேண்டும். திரும்பிய பிறகு, சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், உகாண்டா போய்வந்ததை முதலில் சொல்லி, அதே சுகாதார நிலையத்தில் உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.