புரட்டாசியில் வரும் மாளயம் என்றால் என்ன?

இறந்துபோன நம்மவர்களை நினைத்து, வீட்டில் சமைத்துப் படைக்கிற பதினைந்து நாள் காலம்தான் மாளயம். புரட்டாசித் தேய்பிறையில், பறுவம் (பௌர்ணமி) கழிந்து அமாவாசை வரை வரும். மட்டக்களப்பில் கச்சான் காற்று ஓய்ந்து, வாடை மழை இன்னும் தொடங்காத அமைதியான நாட்கள் அவை.

ஆண்டுத் திவசத்துக்கு இறந்த திதி தெரிய வேண்டும். எல்லாருக்கும் அது தெரியாதே! போர்க்காலத்தில் வெளியே போய்த் திரும்பாத பிள்ளைக்கு எந்தத் திதி? அப்படிப்பட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் மாளய அமாவாசை. தங்கள் பஸ்ஸைத் தவறவிட்ட எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகிற கல்முனைக் கடைசி பஸ் மாதிரி.

எங்கள் வீட்டில் அன்று விடியவே அம்மம்மா தேங்காய் திருவத் தொடங்கிவிடுவா. சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, பூசணி, பாயாசம், வடை. உப்புப் பார்க்க ஒருவரும் நாக்கில் வைக்கக்கூடாது. அதனால் ஏதாவது ஒரு கறியில் உப்புக் குறைந்துதான் இருக்கும். படைத்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் நமக்கு. காகம் வரப் பிந்தினால், “அப்பாவுக்கு இன்னும் கோபம் போகல்ல” என்பா.

சந்திரக் கணக்கு என்பதால் மாளய அமாவாசைத் தேதி ஆண்டுக்காண்டு நகரும்: 2024இல் ஒக்டோபர் 2, 2025இல் செப்டெம்பர் 21.

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தமாடும் ஆடி அமாவாசையும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் வழக்கத்தில் அது தகப்பனுக்குரிய நாள், மாளயமோ தாய், தகப்பன், பிள்ளையில்லாத பெரியம்மா உட்பட எல்லாருக்கும்.