சூனிய வேட்டையும் நாடக மேடையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 1950களின் அமெரிக்க அரசியலைச் சொல்ல நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் ‘தி க்ரூசிபிள்’ நாடகத்தில் எதற்காக 1692இன் சூனிய விசாரணைக்குப் போக வேண்டும்? நேரடியாகவே எழுதியிருக்கலாமே?

பதில்: பயந்துதான் ஒளிந்துகொண்டார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1953 ஜனவரியில் நியூயார்க்கில் ‘தி க்ரூசிபிள்’ மேடையேறியபோதே அது அன்றைய கம்யூனிஸ்ட் வேட்டையைத்தான் குத்துகிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. 1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் விசாரணை நடந்த விதம்தான் மில்லருக்குத் தேவைப்பட்டது. அங்கே ‘ஆமாம், நான் சூனியக்காரிதான்’ என்று ஒப்புக்கொண்டு அதில் நின்றவர்கள் தூக்கிலிருந்து தப்பினார்கள். கடைசிவரை மறுத்த 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். வாய் திறக்க மறுத்த கைல்ஸ் கோரியின் மேல் பாறாங்கற்களை ஏற்றியே கொன்றார்கள். ஒப்புக்கொண்டவர்களிடம் அடுத்த கேள்வி தயாராக இருந்தது: கூட இருந்தது யார் யார்?

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவும் இடதுசாரிகள் என்று சந்தேகப்பட்டவர்களைக் கூப்பிட்டு இதையேதான் கேட்டது. பல பெயர்கள் குழுவின் கோப்பில் முன்பே இருந்தன. ஆள் பணிந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். மில்லரின் நண்பரும் இயக்குநருமான எலியா கஸான் 1952இல் அந்தக் குழுவிடம் பெயர்களைச் சொன்னார். நாடகத்தின் முடிவில், சூனியக் குற்றம் சாட்டப்பட்ட விவசாயி ஜான் ப்ராக்டர் தன் பாவத்தை மட்டும் சொல்வேன், இன்னொருவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறான். 1956இல் மில்லரே அதே குழுவின் முன் நின்று, தன்னைப் பற்றிப் பேசி, மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். அவமதிப்புக் குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது. 1958இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

கேள்வி: அந்தக் குழுவுக்குத் தலைவர் மெக்கார்த்திதானே?

பதில்: இல்லை. கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன மெக்கார்த்தி மேலவையான செனட்டின் உறுப்பினர், இது கீழவையான பிரதிநிதிகள் சபையின் குழு. காலத்துக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டதால் வரும் குழப்பம் இது.

கேள்வி: நான் வரலாறு கற்பிக்கிறேன். நாடகத்தில் ப்ராக்டருக்கும், பிறர்மேல் சூனியப் பழி சுமத்தும் அபிகெயில் என்ற பெண்ணுக்கும் இடையில் வரும் காதல் விவகாரம் உண்மையா?

பதில்: கற்பனைதான். உண்மையான அபிகெயிலுக்கு வயது 11 அல்லது 12. மில்லர் 17 ஆக்கினார். ப்ராக்டருக்கு அப்போது 60 வயது இருக்கும். மேடையில் முப்பதுகளில் இருக்கிறான். வயதை மாற்றியதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் ஒரு ஊரே பைத்தியமானதற்குக் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் ஆத்திரம் முக்கியக் காரணம்போல் ஆகிவிட்டது பாருங்கள், அங்கேதான் உருவகம் பலவீனப்படுகிறது. நிலத்தகராறும் ஊருக்குள் இருந்த கோஷ்டிச் சண்டையும் நாடகத்தில் உண்டு. பார்வையாளர் நினைவில் தங்குவது என்னவோ அந்தக் காதல்தான்.

பிரிட்டிஷ் நாடகாசிரியர் கேரில் சர்ச்சிலின் ‘வினிகர் டாம்’ (1976) நாடகம் இதற்கு நல்ல மாற்று. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கும் கதை. ஏழை, துணையில்லாதவள், மூலிகை வைத்தியம் தெரிந்தவள் என்று யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் அது கவனிக்கிறது. நடுநடுவே இன்றைய உடையில் பாட்டுகள் வேறு. பழைய கதைதானே என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார விடமாட்டார்.

கேள்வி: சூனியக்காரிகள் கற்பனை, கம்யூனிஸ்டுகள் நிஜம். அப்புறம் இந்த ஒப்புமை எப்படிப் பொருந்தும்?

பதில்: நாடகம் வந்த காலத்திலிருந்தே எழுப்பப்படும் ஆட்சேபம், நியாயமானதும்கூட. ஆனால் 1692இல் நீதிபதிகளுக்குச் சூனியமும் நிஜம்தான் என்பதை மறக்க வேண்டாம். எதைச் சாட்சியம் என்று ஏற்றுக்கொண்டார்கள் என்பதில்தான் ஒப்புமை இருக்கிறது. ‘அவளுடைய ஆவியுருவம் வந்து என்னைக் கிள்ளியது’ என்றால் சேலத்தில் அது சாட்சியம். அந்த நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன் என்று சொல்லிப் பயனில்லை, வந்தது ஆவிதானே! மூன்றாம் அங்கத்தில் குற்றம் சாட்டப்பட்ட பெண்கள் நல்லவர்கள் என்று 91 பேர் கையெழுத்திட்ட மனு வருகிறது. உடனே அந்த 91 பேரையும் விசாரணைக்குப் பிடித்துவர உத்தரவாகிறது. சந்தேகப்பட்டவருக்காகப் பேசினாலே நீயும் சந்தேகத்துக்குரியவன். இதற்குச் சூனியம் நிஜமாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: மில்லருக்கு முன் யாரும் இதைச் செய்யவில்லையா?

பதில்: ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா வந்த ஜெர்மன் எழுத்தாளர் லயன் ஃபாய்க்ட்வாங்கர் 1940களின் பிற்பகுதியிலேயே இதே சேலம் விவகாரத்தை வைத்து ஜெர்மனில் ஒரு நாடகம் எழுதினார். இன்னும் பின்னால் போனால், எலிசபெத் சாயர் என்பவரைச் சூனியக்காரி என்று 1621இல் இங்கிலாந்தில் தூக்கிலிட்ட அதே ஆண்டில், அவர் கதையைச் சொல்லும் ‘தி விட்ச் ஆஃப் எட்மன்டன்’ நாடகம் லண்டன் மேடைக்கு வந்துவிட்டது. அது உருவகம் இல்லை, சுடச்சுடச் செய்தி. ஆனாலும் ஏழையாகவும் கூனாகவும் இருப்பதால்தானே எல்லோரும் என்மேல் பழி போடுகிறார்கள் என்று அவள் கேட்கும் இடம் உண்டு. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

கேள்வி: அமெரிக்க அரசியல் தெரியாதவர்களுக்கு ‘தி க்ரூசிபிள்’ எடுபடுமா?

பதில்: 1980களின் தொடக்கத்தில் ஷாங்காயில் போட்டார்கள். கலாச்சாரப் புரட்சியில் சிறையிருந்த எழுத்தாளர் நியென் செங், இதை எழுதியவர் சீனர் இல்லை என்பதை நம்பவே முடியவில்லை என்று மில்லரிடமே சொன்னாராம்.

கேள்வி: எங்கள் குழு இதை மேடையேற்றப் போகிறது. நீதிபதி டான்ஃபோர்த்துக்கு இன்றைய தலைவர் ஒருவரின் சாயல் கொடுக்கலாமா? நேரம் குறைக்கவும் வேண்டும்.

பதில்: சாயல் வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் கைதட்டல் விழும், அதன்பின் அவர் கேலிச்சித்திரமாகிவிடுவார். டான்ஃபோர்த் தன்னை நியாயவான் என்று மனதார நம்புகிறவர். அப்படி நடித்தால்தான் பயம் வரும். நேரத்துக்கு முதல் அங்கத்தில் கை வையுங்கள், அங்கே பேச்சு அதிகம். மூன்றாம் அங்கத்தில், சூனியப் பழி சுமத்தும் பெண்கள், ப்ராக்டர் வீட்டு வேலைக்காரி மேரி வாரன் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்லியே அவளை உடைத்து, அவள் ப்ராக்டரைக் கைகாட்டும்வரை கொண்டுபோகும் காட்சியில் ஒரு வரிகூட வெட்டாதீர்கள்.